டொலுவீன், தின்னர்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: சார், பெயின்ட் தின்னரில் கலக்கும் டொலுவீன் என்ற கரைப்பான் 110 டிகிரியில்தான் கொதிக்கும். அறையில் சும்மா வைத்திருந்தால் எப்படித் தீப்பிடிக்கும்?

ப: கொதிநிலையை விடுங்கள். பிளாஷ் பாயிண்ட், அதாவது பற்றக்கூடிய அளவு ஆவி எழும் வெப்பநிலை, 4 டிகிரிதான். மூடியைத் திறந்தாலே பற்றக்கூடிய ஆவி மேலே நிற்கும், காற்றில் 1.1 சதவீதம் கலந்தால் போதும். அது காற்றைவிட மூன்று மடங்கு கனம். தரையோடு ஊர்ந்து, சாக்கடை வழியாகப் பக்கத்து டீக்கடை அடுப்பு வரை போகும்.

கே: இரும்பு உரசினால் பொறி வருமென்று பிளாஸ்டிக் வாளியில்தான் பிடிக்கிறோம். சரிதானே?

ப: தலைகீழாகச் செய்கிறீர்கள். டொலுவீன் மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது. குழாயில் ஓடும்போதும் உயரத்திலிருந்து தெறித்து விழும்போதும் ஸ்டாட்டிக் (நிலைமின்சாரம்) சேரும், பொறி அதிலிருந்துதான் வரும். இரும்பு வாளியை ஒயரால் டிரம்மோடு இணைத்து, டிரம்மை எர்த் செய்தால் அது இறங்கிவிடும். பிளாஸ்டிக்கில் எங்கே கிளிப் மாட்டுவீர்கள்? டிரம்மிலும் கிளிப் கடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள். பெயின்ட்டின் மேல் மாட்டிய கிளிப் வெறும் அலங்காரம்.

கே: தீப்பிடித்தால் தண்ணீர்?

ப: எரியும் திரவத்தில் ஊற்றாதீர்கள், மிதந்து பரவும். சின்னத் தீ என்றால் பவுடர், பெரியது என்றால் நுரை. தண்ணீரைப் பக்கத்து டிரம்கள் சூடேறாமல் ஸ்ப்ரேயாக அடிக்கலாம். கைமீறினால் வெளியே ஓடி 101. டேங்கர் என்றால் பலகையில் உள்ள, டொலுவீனைக் குறிக்கும் 1294 என்ற எண்ணையும் சொல்லுங்கள். சாக்கடை வாயை மணலால் அடைக்க மறக்காதீர்கள், தீப்பிடிக்காத கசிவிலும்.

கே: வாளி கேட்டவன்தான். பல வருடமாகப் பிடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே?

ப: காற்றில் ஈரம் இருந்தால் பிளாஸ்டிக் மேலுள்ள சார்ஜ் ஓரளவு கசியும். ஏசி போட்ட காய்ந்த அறையில் கசியாது. அதிர்ஷ்டத்தை ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

கே: நடுவில் வருகிறேன். பிளாஸ்டிக் வாளிக்குள் இரும்புக் கம்பி தொங்கவிட்டால்?

ப: எர்த் ஆன கம்பி என்றால் திரவத்தில் உள்ள சார்ஜ் கொஞ்சம் இறங்கும், வாளிச் சுவரில் இருப்பது அப்படியே நிற்கும். எர்த் ஆகாத கம்பியோ தானே பொறி விடும். ஐயா, ஓர் இரும்பு வாளி வாங்க இவ்வளவு யோசனையா?

கே: தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கலாமா?

ப: கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். 108.

கே: காலி டிரம்மை வெட்டித் தொட்டியாக்க வெல்டரைக் கூப்பிட்டிருக்கிறேன்...

ப: உடனே நிறுத்துங்கள். நிறைந்த டிரம்மில் ஆவிக்கு இடமில்லை. காலி டிரம் முழுக்க ஆவியும் காற்றும்தான். கட்டர் பட்டால் மூடி பறக்கும்.

கே: அண்ணா, பிளாஸ்டிக் கேனில் பிடிக்கலாமா?

ப: மேலே படியுங்கள் தம்பி.