பேனாக்கத்திக்கு எத்தனை பாகை?

கேள்வி: பரந்தனில் வயலும் கொஞ்சம் மரக்கறித் தோட்டமும் செய்கிறேன். உரச்சாக்கின் நூல் அறுக்க, சொட்டுநீர்க் குழாய் வெட்ட என்று சட்டைப்பையில் எப்போதும் ஒரு பேனாக்கத்தி இருக்கும். தீட்டினால் இரண்டு நாள்தான், திரும்ப மழுங்கிவிடுகிறது. கடையில் இழுத்துத் தீட்டும் கருவி ஒன்று காட்டினார்கள், பெட்டியில் 40 பாகை என்று போட்டிருக்கிறது. மகன் 20 பாகைதான் சரி என்கிறான். எதை நம்பி வாங்குவது?

பதில்: இரண்டும் அநேகமாக ஒரே கணக்குத்தான். தீட்டும்போது கத்தியைக் கல்லில் சாய்த்துப் பிடிக்கிற கோணம் ஒரு பக்கத்துக்கு 20 என்றால், விளிம்பில் இரண்டு பக்கமும் சேர்த்து 40. பெட்டியில் எந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டே வாங்குங்கள், ஏனென்றால் ஒரு பக்கத்துக்கே 40 என்றால் அது பேனாக்கத்திக்கு ஆகாது. விக்டோரினொக்ஸ் கம்பனி தன் கத்திகளுக்குச் சொல்வதும் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரைதான்.

உங்கள் வேலைக்கு 20. அதற்குக் கீழே 15க்கு இறக்கினால் முதல் நாள் நன்றாக வெட்டும், ஆனால் மலிவான கத்திகளில் இரும்பு மென்மையானது, அவ்வளவு மெல்லிய விளிம்பு சாக்கு நூலிலும் அதில் ஒட்டியிருக்கிற மண்ணிலும் பட்டு மடிந்துவிடும். உங்களுக்கு இரண்டு நாளில் மழுங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கம்பு, தடி சீவுவதும் இதே கத்தியால்தான் என்றால் 25 வரை போகலாம்.

அந்தக் கருவியை நான் வாங்கமாட்டேன். அதன் பாகையை மாற்ற ஏலாது, இரும்பையும் தேவைக்கு மேல் சுரண்டி எடுத்துவிடும். சாணைச் சில்லில் கொடுப்பது இன்னும் மோசம். ஒருமுறை சந்தையில் கொடுத்து வாங்கிய என் கத்தியின் நுனி நீலம் பாய்ந்து வந்தது, சூட்டில் பதம் போய்விட்டது, அதற்குப் பிறகு அந்த நுனியில் கூர் நிற்கவே இல்லை. ஒரு பக்கம் சற்றுக் கரடான 400, மறுபக்கம் நைசான 1000 இலக்கமுள்ள இரட்டைக் கல் ஒன்று வாங்குங்கள், போதும். மண்வெட்டி தீட்டுகிற கரடுக்கல் இதற்குச் சரிவராது. தண்ணீர் விட்டுத் தீட்டுகிற தண்ணீர்க்கல் என்றால் எண்ணெய் விடாதீர்கள்.

பாகையை அளக்கக் கருவி வேண்டாம். அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் ஏறக்குறைய 20 பாகை. அலகு 15 மில்லிமீற்றர் என்றால் 5 மில்லிமீற்றர், அவ்வளவுதான். கடதாசி மூலையை இரண்டு தரம் மடித்தால் வருகிற 22½ பாகையையும் கல்லில் வைத்துப் பார்க்கலாம். அப்புறம் விளிம்பில் மாக்கர் பேனாவால் கோடு போட்டு நாலு இழுப்பு இழுங்கள். மை முதுகுப் பக்கமாக மட்டும் அழிந்தால் கத்தி படுத்திருக்கிறது, நுனி விளிம்பில் மட்டும் அழிந்தால் கூடத் தூக்கிவிட்டீர்கள்.

மறுபக்க விளிம்பில் பிசிர், அதாவது மடிந்து நிற்கிற மெல்லிய இரும்பு ஓரம், விரலுக்குத் தட்டுப்படும்வரை ஒரு பக்கத்தைத் தீட்டிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். கன பேர் இதற்கு முன்னமே நிறுத்திவிடுகிறார்கள். 18, 20, 22 என்று ஒன்றிரண்டு பாகை விலகினால் பரவாயில்லை, கை ஆடாமல் ஒரே சாய்வில் இருப்பதுதான் முக்கியம். கடைசியில் பழைய தோல் பெல்டில் பின்னோக்கி இழுத்துப் பிசிரை எடுங்கள்.

கேள்வி: மாங்கன்று ஒட்டுக் கட்டும் கத்திக்கும் இதே பாகையா?

பதில்: இல்லை. அந்தக் கத்திகள் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் சாய்வாக வருபவை. அந்தப் பக்கத்தை மட்டும், அது வந்த சாய்விலேயே தீட்டுங்கள். தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுசாகப் படுக்கவைத்துப் பிசிரை மட்டும் எடுங்கள். அங்கேயும் சாய்வு வைத்துவிட்டால் வெட்டு நேராக வராது, ஒட்டும் பொருந்தாது.