ஆஸ்திரேலியாவில் உணவு விற்போருக்கு: கங்காரு லேபிள் கேள்வி பதில்

கேள்வி: லேபிளில் கங்காரு முக்கோணமும் கீழே பட்டையும் இருக்கின்றனவே, இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றனவா?

பதில்: இல்லை. பலரும் தடுமாறும் இடம் இதுதான். கங்காரு இருந்தால் அந்தப் பொருள் ஆஸ்திரேலியாவில் விளைந்தது, உற்பத்தியானது அல்லது தயாரானது. பட்டையும் சதவீதமும் உட்பொருள்களில் எவ்வளவு அந்நாட்டினுடையது என்பதைக் காட்டும். முழுக்க இறக்குமதிச் சரக்கில் இங்கே தயாரித்தாலும் கங்காரு போடலாம். பட்டை மட்டும் காலியாக இருக்கும். 2018 ஜூலை 1 முதல் இந்த லேபிள் முறை கட்டாயம்.

கேள்வி: எலுமிச்சை ஊறுகாய் போடுகிறேன். சதவீதத்தை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: தயாரிப்பில் சேர்க்கும் எடையை வைத்து. உள்ளூர் எலுமிச்சை 700 கிராம், உள்ளூர் உப்பு 100, இந்திய நல்லெண்ணெய் 150, இந்திய மிளகாய்த்தூள் 50 என்றால் 80 சதவீதம். கணக்கு 83.6 என்று வந்தால் 84 ஆக்கக் கூடாது, 83தான். தண்ணீரில் ஒரு சிக்கல் உண்டு. பிரேசில் ஆரஞ்சுச் செறிவை, அதாவது நீர் வற்றவைத்த கெட்டிச் சாற்றைப் பழைய பதத்துக்குக் கொண்டுவர ஊற்றும் தண்ணீர், உள்ளூர்க் குழாயில் பிடித்ததானாலும், பிரேசில் கணக்கில்தான் சேரும். அப்படிக் கரைப்பது 'தயாரிப்பு' என்றும் ஆகாது. வெட்டுவது, உறையவைப்பது, டப்பாவில் அடைப்பது ஆகியவையும் அப்படியே. தயாரிப்பு என்று சொல்ல, பொருளின் அடிப்படைத் தன்மையே மாறியிருக்க வேண்டும்.

கேள்வி: பருவத்துக்குப் பருவம் சரக்கு வரும் நாடு மாறுகிறதே?

பதில்: ஒவ்வொரு முறையும் லேபிள் அச்சடிக்க வேண்டாம். சராசரிச் சதவீதம் போடலாம். ஆனால் வாங்குபவர் அப்போதைய விவரத்தைக் கேட்டறியத் தொலைபேசி எண்ணோ இணைய முகவரியோ தர வேண்டும்.

கேள்வி: இந்தியாவிலிருந்து மூட்டையில் வரும் துவரம்பருப்பை இங்கே அரைக் கிலோ பாக்கெட்டாக்கி விற்கிறோம். கங்காரு போடலாமா?

பதில்: கூடாது. இங்கே பொதியப்பட்டது என்று சொல்லலாம், ஆனால் பருப்பு வந்த நாட்டின் பெயரும் வேண்டும். பிரித்துவைத்துச் சில்லறையாக விற்றாலும் பருப்புக்கு அருகில் நாட்டின் பெயர் எழுதிய அட்டை வேண்டும்.

கேள்வி: முறுக்கு, டீத்தூள்?

பதில்: நொறுக்குத்தீனி, பிஸ்கட், மிட்டாய், டீ, காபி, குளிர்பானம் போன்றவற்றுக்கு நாட்டின் பெயரை எழுத்தில் போட்டாலே போதும். படம் கட்டாயமில்லை.

கேள்வி: கடையின் பின்கட்டில் அரைக்கும் இட்லி மாவுக்கும் வேண்டுமா?

பதில்: அதே இடத்தில் தயாரித்து, பொதிந்து, விற்றால் விலக்கு உண்டு. அதே மாவைப் பக்கத்துக் கடைக்கும் விற்பனைக்குக் கொடுத்தால், அந்தப் பாக்கெட்டுகளுக்கு லேபிள் வேண்டும்.