குச்சி நட்டாலே துளிர்க்கும் புதினாவுக்குத் திசு வளர்ப்பு எதற்கு?

செடியின் சிறு துண்டைக் குப்பியில் வளர்த்துக் கன்றாக்கும் இந்த முறை வீட்டுத் தொட்டிக்குத் தேவையே இல்லை. எண்ணெய்க்காக ஏக்கர் கணக்கில் நடுபவருக்கு வேறு கதை: தாய்ச்செடியில் வைரஸ் இருந்தால் ஒவ்வொரு குச்சியோடும் அதுவும் வரும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத வளர்நுனியில் மட்டும் வைரஸ் பெரும்பாலும் இருக்காது. அதை நுண்ணோக்கியில் பார்த்து வெட்டி, 1962இல் முராஷிகி, ஸ்கூக் என்ற ஆய்வாளர்கள் வகுத்த சத்து ஊடகம் உள்ள குப்பியில் வைப்பார்கள். சைட்டோகைனின் என்ற தாவர ஹார்மோனைச் சேர்த்தால் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். ஆக்சின் என்ற இன்னொரு ஹார்மோனைச் சேர்த்தால் வேர் விடும்.

பலர் கோட்டைவிடுவது கடைசிக் கட்டத்தில்தான். குப்பியின் ஈரத்திலேயே வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு மெல்லியது, இலைத்துளைகளும் சரியாக மூடாது. நேரே வெயிலில் வைத்தால் ஒரே மத்தியானத்தில் சுருண்டுவிடும். வேரில் ஒட்டிய அகாரை (ஊடகத்தைக் கூழாக இறுக்கும் பொருள்) கழுவி, மக்கிய தென்னை நார்க்கழிவில் நட்டு, நிழலில் பாலித்தீன் மூடியைச் சில வாரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். கேலஸ் என்னும் உருவமற்ற செல் திரள் வழியாக வளர்த்த கன்றில் மரபு மாறுதல் வர வாய்ப்பு அதிகம், எண்ணெயின் மணமும் மாறலாம். அதனால் வளர்நுனி அல்லது கணுவிலிருந்து எடுத்த கன்றையே கேட்டு வாங்குங்கள்.