‘ஃப்ரெக்’ என்றால் திட்டா, பாராட்டா?

கேள்வி: சுவீடனில் பிறந்து வளர்ந்த என் அண்ணாவின் மகள், என்னுடைய மகளின் புதுச் சப்பாத்துப் படத்தைப் பார்த்துவிட்டு ‘ஃப்ரெக்கா ஸ்கூர்!’ என்று எழுதியிருந்தாள். ‘ஸ்கூர்’ என்றால் சப்பாத்து, அது தெரியும். ‘ஃப்ரெக்’ என்ன என்று போனில் தேடினால் ஆங்கிலத்தில் ‘இம்பூடண்ட்’, ‘ரூட்’ என்று வந்ததாம். மகள் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசுகிறாள் இல்லை. என் மருமகள் அப்படி எழுதுகிற பிள்ளையும் இல்லை. என்ன பொருள்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பாராட்டுத்தான், மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உடுப்பு, சப்பாத்து, கார் போன்ற பொருளைப் பார்த்து ‘ஃப்ரெக்’ என்றால் ஆங்கிலத்தில் ‘கூல்’, எடுப்பாக இருக்கிறது என்று அர்த்தம். போன் காட்டியதும் பிழை இல்லை, ஆனால் அது ஆளைப் பார்த்துச் சொல்லும்போது வருகிற பொருள்.

ஜெர்மன் மொழியின் ‘ஃப்ரெக்’கோடு உறவுள்ள சொல் இது. அடியில் இருப்பது துணிச்சல், அந்தத் துணிச்சல் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆங்கிலச் சொல் மாறும். பெரியவர்களிடம் மரியாதை இல்லாமல் பேசுகிறவரைச் சொன்னால் ‘இம்பூடண்ட்’, ‘இன்சொலண்ட்’. கொஞ்சம் மெல்லியதாக, சிரிப்போடு சொன்னால் ‘சீக்கி’, நம்முடைய துடுக்கு. பட்டப்பகலில் கடையை உடைத்துக் கொள்ளையடித்தால் சுவீடன் பத்திரிகைகள் அதையும் ‘ஃப்ரெக்’ என்றுதான் எழுதும், ஆங்கிலத்தில் ‘பிரேசன்’ அல்லது ‘டேரிங்’. நம் பத்திரிகைகளில் வருகிற ‘துணிகரக் கொள்ளை’யை நினைத்துப் பாருங்கள், திருடனைப் பாராட்டியா அப்படி எழுதுகிறார்கள்? இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் ‘ஃப்ரெக்’ முழுவதும் விளங்கிவிடும் என்று நான் நினைக்கிறேன். ‘ஃப்ரெக்ஹேத்’ என்று பெயர்ச்சொல்லாக வந்தால் ‘சீக்’ அல்லது ‘நேர்வ்’: “என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் என்னிடமே வந்து கேட்பான்!” என்கிறோமே, அந்த நெஞ்சழுத்தம்.

ஒன்றில் மட்டும் கவனம். கதையையோ பகிடியையோ ‘ஃப்ரெக்’ என்றால் அது ஆபாசமானது என்று பொருள்படும், அண்ணா வீட்டில் பெரியவர்கள் முன்னால் அறியாமல் சொல்லிவிடக் கூடாது.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்றையும் சொல்கிறேன். எதிர்த்துப் பேசுகிற பிள்ளைக்கு சுவீடிஷில் ‘உப்ஷெஃப்திக்’ என்பார்கள், நடுவில் இருக்கிற ‘ஷெஃப்த்’ என்றால் தாடை, வாய். “வாய் காட்டாதே” என்று நாம் பிள்ளைகளை அதட்டுகிறோம், ஆங்கிலேயர் கன்னத்தைச் சொல்லி ‘சீக்’ என்கிறார்கள், ஆக மூன்று மொழியிலும் துடுக்கு முகத்தின் அதே பக்கத்தில்தான் குடியிருக்கிறது.

மகள் பதில் எழுதாமல் இருந்தால் அங்கே மச்சாளும் யோசித்துக்கொண்டிருப்பாள். சுவீடிஷில் நன்றிக்கு ‘தக்’ என்ற ஒரு சொல் போதும், அதை எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.