ஹீரோவுக்குப் பஞ்சமில்லை, வில்லனைத் தேடுங்கள்

இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்தப் பகுதியில், ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒரே கட்சியாகச் சேர்ந்து ஆடும் மார்வெல் சாம்பியன்ஸ் என்ற சீட்டு விளையாட்டைப் பற்றி நாலு வரி எழுதிவைத்தேன். அதற்கப்புறம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதே சங்கதிதான். சரி, இந்த முறை முழுக்க அதையே பேசித் தீர்த்துவிடலாம். செஸ், கேரம் கேள்விக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

கே: எல்லாரும் ஒரே கட்சி என்று எழுதியிருந்தீர்கள். அப்புறம் யாரை எதிர்த்து ஆடுவதாம்? (திண்டுக்கல் வாசகி)

வில்லனைத்தான். ஆனால் வில்லன் பக்கம் ஆள் உட்காருவதில்லை, ஒரு கட்டுச் சீட்டு உட்கார்ந்திருக்கும். ஒருவர் முதல் நாலு பேர் வரை ஆளுக்கொரு ஹீரோவை எடுத்துக்கொண்டு ஆடி முடித்ததும் வில்லனின் முறை வருகிறது. முதலில் அவனுடைய சதித்திட்டச் சீட்டின் மேல் அபாய டோக்கன் ஏறும். பிறகு ஒவ்வொரு ஆட்டக்காரரிடமும் வருவான். நீங்கள் முகமூடியோடு ஹீரோவாக நின்றால் அடிப்பான், முகமூடியைக் கழற்றிச் சாதா ஆளாக இருந்தால் உங்களைத் தொடமாட்டான், பதிலுக்குச் சதியை வளர்த்துக்கொள்வான். கடைசியில் வில்லன் கட்டிலிருந்து ஆளுக்கொரு சீட்டு விழும். அதில் அடியாள் வரலாம், துரோகம் வரலாம், இன்னொரு கிளைச்சதி வரலாம். வில்லனின் உயிரைக் கரைத்தால் நாம் ஜெயித்தோம், சதி அதன் எல்லையைத் தொட்டாலோ நாம் அத்தனை பேரும் விழுந்தாலோ அவன் ஜெயித்தான்.

அடிபட்ட உடம்பைத் தேற்ற வேண்டுமென்றால் சாதா ஆளாக மாற வேண்டும், மாறினால் சதி வளரும், வளர்ந்த சதியைக் குறைக்க மறுபடி ஹீரோவாக வேண்டும், ஹீரோவானால் அடி விழும். இந்த இழுபறிதான் மொத்த விளையாட்டும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கடமைச் சீட்டு. ஒவ்வொரு ஹீரோவுக்கும் ஒன்று வில்லன் கட்டுக்குள்ளேயே கலந்து கிடக்கும். ஸ்பைடர்மேன் ஆடினால் நடுச் சண்டையில் பீட்டர் பார்க்கருக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வரும். ஷீ ஹல்க்குக்குக் கோர்ட் வேலை வரும், அவர் வக்கீல் இல்லையா.

கே: எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரம்மி அத்துப்படி. இது புரியுமா? (சேலம் வாசகர்)

ரம்மியில் கீழே போடும் சீட்டு குப்பை. இதில் கீழே போடும் சீட்டு காசு. அந்த ஒரு வித்தியாசம் மண்டையில் ஏறிவிட்டால் முக்கால்வாசி தெரிந்த மாதிரி. மூன்று விலையுள்ள சீட்டை இறக்க வேண்டுமென்றால் கையிலிருக்கும் வேறு சீட்டுகளைப் போட்டு மூன்றைக் கட்ட வேண்டும். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் உடல்பலம், ஆற்றல், மூளை என்று மூன்று வகைக் குறியில் ஏதாவது இருக்கும், நாலாவது ஒன்று ஜோக்கர் மாதிரி எதற்கும் செல்லும். ஆக, நல்ல சீட்டு நாலு கையில் இருந்தால் அதில் இரண்டை எரித்துத்தான் மற்றதை இறக்க முடியும். ரம்மிக்காரர்களுக்கு முதல் இரண்டு ஆட்டத்துக்கு வயிறு எரியும், அப்புறம் பழகிவிடும். கட்டு எப்படியும் சுற்றி மறுபடி வரும்.

கே: முதல் பெட்டி ஒன்று போதுமா? கடையில் பார்த்தால் சின்னதும் பெரியதுமாக ஏகப்பட்ட பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது? (கோயம்புத்தூர் வாசகர்)

ஒரு கணக்குப் போடுவோம். 2019இல் ஃபேண்டசி ஃப்ளைட் வெளியிட்ட மூலப் பெட்டியில் ஐந்து ஹீரோக்கள்: ஸ்பைடர்மேன், கேப்டன் மார்வெல், ஷீ ஹல்க், அயர்ன் மேன், பிளாக் பாந்தர். ஹீரோவுக்கே சொந்தமான சீட்டு 15. அதோடு ஆவேசம், நீதி, தலைமை, தற்காப்பு என்ற நாலு குணங்களில் ஒன்றைச் சேர்த்து, பொதுச் சீட்டும் போட்டு, 40 முதல் 50 வரை கட்டு கட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து ஹீரோ, நாலு குணம், ஆக 20 வழி. எதிரே ரைனோ, க்ளா, அல்ட்ரான் என்று மூன்று வில்லன், ஒவ்வொருவரோடும் மாற்றி மாற்றிக் கலக்க ஐந்து சின்னத் தொகுப்பு, ஆக 15 வழி. பெருக்கினால் 300. தனியாக ஆடுகிறவருக்கே இவ்வளவு. இதற்கு மேல் கஷ்ட நிலை வேறு இருக்கிறது.

காகிதத்தில் 300, மனதில் அப்படியில்லை. ஹீரோவை மாற்றினால் நம் கைச்சீட்டுதான் மாறுகிறது, எதிரே அதே ரைனோ அதே சுவரை உடைத்துக்கொண்டு வருகிறான். இருபது ஆட்டத்தில் அவன் அடுத்து என்ன செய்வான் என்று மனப்பாடம் ஆகிவிடும். எல்லோரும் செய்கிற தப்பு இங்கேதான். அலுப்பு வந்ததும் ஓடிப்போய் இன்னொரு ஹீரோவை வாங்குவார்கள். ஹீரோ பாக்கெட் ஒவ்வொன்றிலும் சுமார் 60 சீட்டு, பிரித்ததுமே ஆடும்படி கட்டு தயாராக இருக்கும், அட்டையில் படமும் பளபளவென்று இழுக்கும். கேப்டன் அமெரிக்கா, தோர், பிளாக் விடோ என்று வரிசையாக வாங்கி அடுக்கிவிட்டு, ஆறாவது ஹீரோவோடும் ரைனோவிடமே போய் நிற்பார்கள்.

என் பேச்சைக் கேட்பதானால் முதலில் வில்லன் வாங்குங்கள். கிரீன் காப்ளின் பெட்டியில் இரண்டு ஆட்டம் இருக்கிறது. ஒன்றில் வில்லனே நார்மன் ஆஸ்பார்னாகவும் காப்ளினாகவும் மாறி மாறி முகம் காட்டுவான், நமக்கு இருக்கிற இரட்டை வேஷம் அவனுக்கும். ரெக்கிங் க்ரூ பெட்டியில் நாலு வில்லன்கள் ஒரே நேரத்தில் வருவார்கள், ஆளுக்கொரு தனிக்கட்டோடு. காங் பெட்டியில் நடு ஆட்டத்தில் அணியே சிதறி, அவரவர் தனித்தனியாகக் காங் என்ற வில்லனின் ஒரு வடிவத்தை எதிர்கொள்ள வேண்டும். முதல் பெட்டியை வாங்கி ஆறு மாதம் கழித்து இந்த மூன்றில் ஒன்று, அப்புறம் ஆசைக்கு ஒரு ஹீரோ. அவ்வளவுதான்.

கே: எந்தப் பாக்கெட்டில் அபூர்வச் சீட்டு கிடைக்கும்? (பத்தாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்)

எதிலும் கிடைக்காது தம்பி. போகேமான் பாக்கெட் மாதிரி உள்ளே என்ன வருமோ என்று கிழித்துப் பார்க்கும் வேலை இதில் இல்லை. ஒரே பெயருள்ள பெட்டி எங்கே வாங்கினாலும் அதே சீட்டுதான். அப்பாவின் பர்ஸுக்கு அந்த மட்டில் நல்ல விஷயம்.

கே: அயர்ன் மேன் எனக்கு உயிர். ஆனால் அவரை எடுத்தால் ரைனோவிடமே உதை வாங்குகிறேன். சீட்டில் ஏதாவது அச்சுப்பிழையா? ஹீரோ பக்கத்தில் கையில் ஒரே ஒரு சீட்டு என்று போட்டிருக்கிறது! (மதுரை வாசகர்)

அச்சுப்பிழை இல்லை, அதுதான் அவருடைய கதை. கவசம் இல்லாத டோனி ஸ்டார்க் சண்டையில் ஒன்றுமில்லை. ஹீரோவாக நிற்கும்போது கைச்சீட்டு அளவு 1. மேசையில் நீங்கள் இறக்கியிருக்கும் தொழில்நுட்பக் கருவி ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூடும், அதிகபட்சம் 7. பூட்ஸ், கையுறை, தலைக்கவசம், மார்புக் கவசம் எல்லாம் பூட்டி முடித்தால் அவரை நிறுத்த ஆளில்லை. பூட்டி முடிக்கிற வரைக்கும் பிழைத்திருப்பதுதான் பாடு, ஏனென்றால் உயிர் வெறும் 9.

நீங்கள் தனியாக ஆடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். டோனியாக இருந்தால் கையில் 6 சீட்டு, கட்டின் மேலிருந்து மூன்றைப் புரட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளும் வசதி வேறு, அதனால் டோனியாகவே உட்கார்ந்து கருவி கட்டத் தோன்றும். ஆனால் தனி ஆட்டத்தில் ரைனோவின் சதி 7ஐத் தொட்டால் கதை முடிந்தது. சுற்றுக்கு 1 தானாக ஏறும், நீங்கள் டோனியாக இருப்பதால் அவன் இன்னொரு 1 சேர்ப்பான், அதன் மேல் அவன் பலத்தைக் கூட்டும் ஊக்கச் சீட்டு கவிழ்ந்தால் இன்னும் ஒன்றோ இரண்டோ. இரண்டு சுற்றைத் தாண்டினாலே கழுத்தில் கத்திதான், மூன்றாவது சுற்றில் உட்கார்ந்தே இருந்தால் போச்சு. அதனால் நீதி குணத்தோடு கட்டு கட்டுங்கள், அபாயத்தைக் குறைக்கிற சீட்டு அதில்தான் அதிகம். துணைக்கு வரும் நிக் ஃப்யூரி பொதுச் சீட்டு, எந்தக் கட்டிலும் சேரும். விலை 4 என்றாலும் வந்ததும் 2 அபாயம் குறைப்பார், அல்லது 3 சீட்டு எடுத்துக் கொடுப்பார், அல்லது எதிரிக்கு 4 அடி கொடுப்பார், அந்த நேரத்துக்கு எது வேண்டுமோ அது. சுற்று முடிவில் அவர் கிளம்பிவிடுவார், அதற்குள் உங்களுக்கு விழும் ஒரு அடியை அவரை வாங்க வைத்துவிடுங்கள். துணைக்கு வருகிறவர்களைப் பலிகடா ஆக்குவது அறமா என்று கேட்காதீர்கள், இந்த விளையாட்டில் அதுதான் பிழைப்பு.

கே: ஹல்க் எப்படி? (ஈரோடு வாசகர்)

படத்தில் நன்றாக இருப்பார்.

கே: நாங்கள் மூன்று பேர் ஆடுகிறோம். அண்ணன் எங்கள் இரண்டு பேர் முறையையும் அவரே ஆடிவிடுகிறார். "நீ இதைப் போடு, நீ அதைப் போடு" என்று. கைதான் எங்களுடையது. என்ன செய்வது? (திருச்சி வாசகி)

கூட்டு விளையாட்டு எல்லாவற்றுக்கும் இருக்கிற வியாதி இது, இந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை. அண்ணனை மாற்ற முடியாது, சட்டத்தை மாற்றுங்கள். கைச்சீட்டை மேசையில் விரித்து வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். "என்னால் மூன்று அபாயம் குறைக்க முடியும்", "எனக்கு அடி தாங்காது" என்கிற அளவுக்கு வாயால் சொன்னால் போதும், எந்தச் சீட்டு என்று காட்ட வேண்டாம். இன்னொன்று, அண்ணனுக்கு டாக்டர் ஸ்ட்ரேஞ்சைக் கொடுத்துவிடுங்கள். அவருக்கு மந்திரங்களுக்கென்றே தனியாக ஐந்து சீட்டுக் குட்டிக் கட்டு ஒன்று உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும். ஒரே ஆபத்து, டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் ரொம்பப் பலசாலி, அவர் ஒருவரே ஆட்டத்தை முடித்துவிட்டு உங்களிடம் பெருமையடிப்பார்.

கே: கதையாகத் தொடர்ந்து ஆடும் பெரிய பெட்டிகளில் எது நல்லது? (கொழும்பு வாசகர்)

பெரிய பெட்டி என்றால் இரண்டு புது ஹீரோ, வரிசையாக ஐந்து வில்லன் ஆட்டம், ஒன்றில் நடந்தது அடுத்ததைப் பாதிக்கும். முதலில் வந்தது ரைஸ் ஆஃப் ரெட் ஸ்கல், 2020. அதில் டாஸ்க்மாஸ்டர் ஆட்டம் எனக்குப் பிடிக்கும், சிறைபிடித்து வைத்திருக்கிறவர்களை மீட்டால் அவர்களே நம் பக்கம் சேர்ந்து சண்டை போடுவார்கள். கதை கொஞ்சம் ஒல்லி. அடுத்து வந்த கேலக்ஸீஸ் மோஸ்ட் வான்டட் பெட்டியை ராக்கெட், க்ரூட் என்ற இரண்டு ஹீரோக்களுக்கு ஆசைப்பட்டு வாங்கலாம், ஆனால் கடைசியில் வரும் ரோனன் மனிதர்களுக்காகச் செய்த வில்லன் மாதிரித் தெரியவில்லை, புதிதாக ஆடுகிறவர்கள் நொந்துபோவார்கள்.

ஒன்றே ஒன்று என்றால் 2022இல் வந்த சினிஸ்டர் மோட்டிவ்ஸ். சேண்ட்மேன், வெனம், மிஸ்டீரியோ, சினிஸ்டர் சிக்ஸ், வெனம் காப்ளின் என்று ஐந்துமே ஐந்து ருசி. மிஸ்டீரியோ நம்மை ஏமாற்றுகிற விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும்: அவனுடைய சீட்டுகள் உங்கள் சொந்தக் கட்டுக்குள் வந்து கலந்துவிடும். நமக்கு உதவும் என்று நம்பி எடுக்கிற சீட்டு மாயையாகப் போய்விடுகிறது. மாயாவி வில்லனைச் சீட்டில் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. எக்ஸ்மென் பிரியர்களுக்கு அதே வருடம் வந்த மியூடன்ட் ஜெனஸிஸ் இருக்கிறது, கடைசியில் மேக்னீட்டோ.

கே: கட்டு கட்டுவது எனக்குத் தலைவலி. மார்வெல் படங்களும் பார்த்ததில்லை. எனக்கு ஏதாவது உண்டா? (புதுச்சேரி வாசகி)

உண்டு, சென்டினல்ஸ் ஆஃப் த மல்டிவர்ஸ். மார்வெல் சாம்பியன்ஸுக்கு முன்னாலேயே 2011இல் அமெரிக்காவில் வந்தது. லெகஸி, டேக்கியான், ரேத் என்று எல்லாரும் இந்த விளையாட்டுக்காகவே கற்பனை செய்த ஆட்கள், அதனால் நீங்கள் எந்தப் படமும் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஹீரோவுக்கு 40 சீட்டு, வில்லனுக்கு 25, சண்டை நடக்கும் இடத்துக்கே தனியாக 15. எல்லாம் கட்டித் தயாராக வரும். இடத்துக்குச் சீட்டு என்றதும் சிரிக்காதீர்கள், டைனோசர் தீவில் ஆடினால் டைனோசர் ஹீரோ, வில்லன் பார்க்காமல் எல்லாரையும் கடிக்கும். பேரன் பிளேடு என்று ஒரு வில்லன், அவனுடைய கழிவுக் குவியலில் 15 சீட்டு சேர்ந்தால் நிலாவைப் பூமி மேல் இழுத்து மோதவிடுவான். அதைவிட, நம் ஹீரோ விழுந்த பிறகும் ஒவ்வொரு முறையும் மற்றவர்களுக்கு ஏதாவது ஒரு உதவி செய்யலாம், ஓரமாக உட்கார்ந்து போன் பார்க்க வேண்டியதில்லை. மார்வெல் சாம்பியன்ஸில் விழுந்தால் விழுந்ததுதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். "இவனுக்கு ஒன்று கூட்டு, அவளுக்கு ஒன்று கழி, இந்தச் சீட்டு இருப்பதால் மறுபடி ஒன்று கூட்டு" என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கணக்கு டீச்சர் ஒருவர் மேசையில் இருந்தால் நல்லது. பழைய பதிப்பில் ரூக் சிட்டி தொடங்கி ஓப்லிவியான் வரை நிறையக் கூடுதல் பெட்டிகள் வந்தன. இப்போது வாங்குவதானால் அவற்றைத் தேடி அலைய வேண்டாம், டெஃபினிடிவ் எடிஷன் என்ற திருத்திய பதிப்பின் மூலப் பெட்டியையே வாங்குங்கள், 12 ஹீரோ, 6 வில்லன், 6 இடம். கண்ணில் பட்டால் தள்ளிப்போடாதீர்கள், 2025இல் அமெரிக்க இறக்குமதி வரி நெருக்கடியில் இதை வெளியிடும் கம்பெனி புது வேலைகளை நிறுத்திவைத்தது.

கே: சீட்டுக்கு உறை போட வேண்டுமா? (வேலூர் வாசகர்)

நாலு பேர் வாரா வாரம் கலைத்தால் போடுங்கள், 63.5 க்கு 88 மில்லிமீட்டர் அளவு. மிக்சர் தின்றுகொண்டே ஆடுகிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

கே: அல்ட்ரானை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ட்ரோன்கள் குவிந்துகொண்டே போகின்றன. (நாகர்கோவில் வாசகர்)

அந்த ட்ரோன்கள் உங்கள் கட்டிலிருந்தே எடுத்துக் கவிழ்த்து வைத்த சீட்டுகள், அதுதான் கடுப்பு. நீங்கள் ஆசையாகப் போட்டுவைத்த சீட்டே உங்களை அடிக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உயிர் கொஞ்சம்தான், ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருப்பதுதான் நஷ்டம். பிளாக் பாந்தரை எடுங்கள், அவருடைய எனர்ஜி டாகர்ஸ் சீட்டு ஒரு ஆட்டக்காரர் முன்னால் நிற்கிற எதிரிகள் எல்லாரையும் ஒரே வீச்சில் வெட்டும். கூட ஆட ஆள் இருந்தால் அவருக்கு ஷீ ஹல்க், அவருடைய கிரவுண்ட் ஸ்டாம்ப் மேசையிலுள்ள எல்லா எதிரிக்கும் ஒரு அடி. செத்த ட்ரோன் உங்கள் கழிவுக் குவியலுக்கே போகும், கட்டு தீர்ந்து மறுபடி கலைக்கும்போது அந்தச் சீட்டு உங்களிடமே திரும்பி வரும்.