பிராசெட்டம், நூபெப்ட், செமாக்ஸ், டைஹெக்ஸா: ஞாபக சக்திக்கு இதுல எது பெஸ்ட்?

நீங்க பரீட்சைக்குப் படிக்கிறவரா இல்ல என்னை மாதிரி நாப்பதத் தாண்டி பேரு மறந்து பயந்து போனவரான்னு தெரியல, ரெண்டாவதுன்னே வெச்சிக்கிறேன். நான் டாக்டர் இல்ல, சண்டைக்கு வராதீங்க.

இதே நாலையும் எக்செல் ஷீட் போட்டு எட்டு மாசம் கம்பேர் பண்ணவன் நான். ஒரு மீட்டிங்ல கூட வேலை பாக்குறவர் பேரு சட்டுன்னு வாயில வரல, அன்னைக்கு ஆரம்பிச்சது. பிராசெட்டம் 1964லயே செஞ்சது, நூட்ரோபிக்ங்கற (மூளைத் திறனைக் கூட்டும்னு சொல்ற மருந்து) வார்த்தையே அதைக் கண்டுபிடிச்ச ஜுர்ஜியா 1972ல வெச்சதுதான், ஆனா இத்தனை வருஷம் கழிச்சும் நல்லா இருக்கிற ஆளுக்கு அது உதவும்னு உறுதியான ஆதாரம் இல்ல. செமாக்ஸ் ரஷ்யாவுல ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு மூக்குல விடுற சொட்டு மருந்து, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம். டைஹெக்ஸா, மூளை செல்லை வளர்க்கிற புரதமான பிடிஎன்எஃபை விட ஒரு கோடி மடங்கு பவர்னு நெட்ல போடுவாங்க, அதெல்லாம் லேப் தட்டுலயும் எலிகிட்டயும் பாத்த கதை, அதே வகையறா மருந்து ஃபாஸ்கோனிமெட்டன் 2024ல அல்சைமர் ட்ரையல்ல தோத்துப் போச்சு.

நான் வாங்கினது நூபெப்ட் பவுடர் (10 மில்லிகிராமை சமையல் தராசுல அளக்க முடியாதுன்னு வாங்கினப்புறம்தான் உறைச்சது), கூடவே ஞாபகத்துக்கு வேணுங்கற அசிட்டைல்கோலின்ங்கற மூளை ரசாயனத்தை ஏத்தணும்னு ஆல்ஃபா ஜிபிசின்னு ஒரு சப்ளிமெண்ட். ஒரு மண்ணும் நடக்கல. ஒரு நாள் நர்ஸா இருக்கிற அக்கா வந்து டப்பாவையெல்லாம் பாத்துட்டு, நைட்டு தூக்கத்துக்கு நான் வருஷக்கணக்கா போட்டுட்டு இருந்த அலர்ஜி மாத்திரைய எடுத்து, "ஏன்டா, இதுல இருக்கிறது டைஃபென்ஹைட்ரமின், இது அசிட்டைல்கோலினைத் தடுக்கும், காலைல ஏத்துறத நைட்டு நீயே இறக்குறியா"ன்னு கேட்டா. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. டாக்டர்கிட்ட கேட்டு நிறுத்தி ஒரு மாசத்துல மந்தம் பாதி போயிடுச்சு. தூக்கம் சரியானதுனாலயும் இருக்கலாம், பவுடரையும் அப்பவே விட்டுட்டேன், அதனால எதுன்னு அடிச்சு சொல்ல மாட்டேன்.

அதனால என் ஷீட்ல நாலுக்குமே சைபர்தான். நீங்க ஏற்கனவே முழுங்குற மாத்திரைங்க, பிபி, பி12, காது கேக்குற அளவு, இதை மொதல்ல பாருங்க. டாக்டர் எழுதிக் குடுத்த எதையும் நீங்களா நிறுத்திடாதீங்க.

ஆனா ஒண்ணு, அந்த மீட்டிங்ல எனக்கு "தாத்தா"ன்னு பட்டப்பேரு வெச்ச மேனேஜர் ரெண்டு வருஷமா எங்க டீம் பொண்ணு ஒருத்தியைத் தப்பான பேர்லதான் கூப்பிடுறாரு, அவர ஒருத்தனும் ஒண்ணும் சொல்றதில்ல.