மழைத்தண்ணீரில் கடல் அயடீன் கிடைக்குமா?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறோம். எனக்கு இப்போது நாலு மாதம். "மழை கடலிலிருந்துதானே வருகிறது, கடலில் அயடீன் இருக்கிறது. கூரைத் தகரத்தில் விழுவதைப் பிடித்துக் குடித்தால் போதும், கறிக்குக் கல்லுப்பே போடு" என்கிறார் மாமியார். அது சரியா?

பதில்: மாமியார் சொன்னதில் முதல் பாதி சரி. வைகாசி பிறந்ததும் உங்கள் லயத்தை மூடும் மூடுபனியில் இந்து சமுத்திரத்து அயடீன் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அலைத்திவலையோடு உப்பாகப் பறந்து வருவது அதில் சிறு பங்கே. பெரும்பங்கு வேறு வழியாக வருகிறது.

காற்றிலுள்ள ஓசோன் கடலின் மேற்பரப்பைத் தொடும்போது, அங்கே கரைந்திருக்கும் அயடைட்டு (அயடீனின் ஒரு வடிவம்) அதனோடு தாக்கமடைந்து வாயுவாகக் கிளம்புகிறது. வெயில் பட்டதும் அந்த வாயு உடைந்து தனி அயடீன் அணுவாகிறது. அந்த அணு சும்மா இருப்பதில்லை. ஓர் ஓசோன் மூலக்கூற்றிலிருந்து ஒட்சிசன் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும், பிறகு அதைக் கைவிட்டு மறுபடி தனியாகி அடுத்த ஓசோனைத் தேடிப் போகும். ஓர் அணுவே இப்படிப் பல ஓசோன்களைத் தீர்த்துவிடுகிறது. கடற்பாசியிலிருந்தும் உப்புத் துகள்களிலிருந்தும் வெளியாகும் புரோமினுக்கும் இதே தொழில்தான். அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள கேப் வேர்ட் தீவில் எடுத்த அளவீடுகள் 2008இல் வெளிவந்தன. இந்த இரண்டையும் சேர்க்காத கணிப்புகள் காட்டியதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஓசோன் அங்கே அழிந்துகொண்டிருந்தது. (பயப்பட வேண்டாம். இது நம்மைக் காக்கும் மேல்வான ஓசோன் அல்ல. தரையருகே இருந்து சுவாசத்தையும் பயிரையும் கெடுக்கும் ஓசோன்.)

வாகனப் புகையால் தரையோர ஓசோன் கூடினால், கடலும் கூடுதலாக அயடீனை வெளிவிடும். அல்ப்ஸ் மலைப் பனிக்கட்டியைத் துளையிட்டு ஆராய்ந்தவர்கள், 1950க்குப் பிறகு அங்கே படிந்த அயடீன் மூன்று மடங்கானதைக் கண்டார்கள். மலைக்கு அயடீன் வருகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் எவ்வளவு வருகிறது? அங்கேதான் மாமியாரின் கணக்கு பிழைக்கிறது. மழைநீரில் பொதுவாக லீற்றருக்குச் சில மைக்ரோகிராம் அயடீனே இருக்கும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லீற்றருக்கு 2 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் தினமும் 125 லீற்றர் குடிக்க வேண்டும்!

மண்ணில் விழுந்ததாவது தோட்டத்துக் கீரைக்குப் போகுமா என்றால், அதுவும் குறைவுதான். மலையகச் செம்மண்ணில் உள்ள இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகளும் உக்கலும் அயடீனை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. எஞ்சியதை அடைமழை கழுவிக்கொண்டு போகிறது. ஒரு காலத்தில், மழைக்குக் குறைவில்லாத நம் ஈரவலயத்தில்தான் கண்டக்கழலை, அதாவது அயடீன் குறைவால் வரும் கழுத்து வீக்கம், அதிகம் இருந்தது. 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது.

கல்லுப்பும் கடலிலிருந்து வந்ததுதானே என்று அடுத்துக் கேட்பார். கடல்நீரை வற்றவைத்து உப்பு விளைவிக்கும்போது அயடீன் உப்போடு சேர்ந்து உறைவதில்லை, மிஞ்சும் கசப்புநீரில் போய்விடுகிறது. அதனால் அயடீன் சேர்க்காத கல்லுப்பில் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே பைக்கற்றில் 'அயடீன் சேர்க்கப்பட்டது' என்று அச்சிட்ட உப்பையே வாங்குங்கள். அதற்காக உப்பை அள்ளிப் போட வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு உள்ளேயே இருக்கட்டும். அடுப்புக்கு மேலே புகையும் ஆவியும் படும்படி தொங்கவிடும் சிரட்டையில் வைக்காமல், மூடியுள்ள போத்தலில் போட்டு ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள். கறி இறக்கும் நேரத்தில் சேர்த்தால் இழப்பு குறையும். உங்களுக்கு ஏற்கெனவே தைரொயிட் நோய் இருந்தால், அயடீன் மாத்திரை எதையும் நீங்களாக வாங்கிப் போடாமல் கிளினிக்கில் முதலில் சொல்லுங்கள்.

தகரத்து மழைத்தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். அதில் சாயத்தண்ணி நன்றாக இறங்கும், அந்த விஷயத்தில் மாமியாரோடு எனக்கு வழக்கில்லை.